நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை

2023 ஆம் ஆண்டு தமிழ்மொழித் தினப் போட்டியில் வலய மட்டத்தில் எனக்குக் கட்டுரைக்கான முதலிடம் கிடைத்தது. தலைப்பு சீதனம். சான்றிதழை வாப்பா கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். அதே மாதத்தில்தான் எங்கள் நானாவுக்குத் திருமணம் பேசி முடிந்தது. பெண் வீட்டார் வீடு தந்தார்கள், மோட்டார் சைக்கிளும் தந்தார்கள். இந்த இரண்டு செய்திகளும் ஒரே வீட்டுக்குள் ஒரே மாதத்தில் நடந்தன. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எனக்கு ஏறத்தாழ ஒரு வருடம் பிடித்தது. அந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பிறரை ஏமாற்றுவது என்றால் என்னவென்று நமக்கெல்லாம் தெரியும். கடைக்காரர் நிறையில் குறைத்தால் கோபப்படுகிறோம். ஆனால் ஒருவர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது எப்படி? ஏமாற்றுபவரும் ஏமாறுபவரும் ஒருவராகவே இருந்தால், அவருக்கு உண்மை தெரியுமா தெரியாதா? பாதி தெரியும் என்பதே என் விடை. தெரிந்த பாதியைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்கு நாம் எடுக்கும் முயற்சிக்குப் பெயர்தான் சுய ஏமாற்று. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று நம் மூத்தவர்கள் கேட்பார்கள். பூலோகம் இருளாது. பூனைக்கு மட்டும் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கும்.

முதலில் நம் வகுப்பறையிலிருந்து ஓர் உதாரணம். பரீட்சைக்கு முன் நாம் எப்படிப் படிக்கிறோம்? குறிப்புக் கொப்பியை எடுத்து மீண்டும் மீண்டும் வாசிக்கிறோம். மஞ்சள் பேனையால் வரிகளுக்கு நிறம் தீட்டுகிறோம். நான்காம் தடவை வாசிக்கும்போது எல்லாம் பழகிய முகம்போல் தெரிகிறது. “எனக்குப் பாடம்” என்று கொப்பியை மூடிவிடுகிறோம். 2006 இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பந்தியை நான்கு அமர்வுகளில் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் முதல் அமர்வில் வாசித்துவிட்டு, அடுத்த மூன்று அமர்வுகளிலும் பந்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது முதற் பிரிவினருக்கு ஏறத்தாழ 40 வீதம் நினைவிலிருந்தது, மற்றவர்களுக்கு 61 வீதம். ஆனால் “எங்களுக்கு நன்றாக நினைவிருக்கும்” என்று கூடுதலாக நம்பியவர்கள் முதற் பிரிவினர்தான். பழக்கமாகத் தெரிவதை அறிவு என்று எண்ணிவிட்டார்கள். கொப்பியை மூடி எழுதிப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். ஆனால் அது சங்கடமான வேலை. சுய ஏமாற்று எப்போதும் சங்கடம் இல்லாத பாதையில்தான் போகும்.

பாடத்தில் ஏமாந்தால் இழப்பது புள்ளி. வாழ்க்கையில் ஏமாந்தால் அதற்கான விலையைப் பெரும்பாலும் வேறொருவர் கொடுப்பார். அதனால்தான் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது உம்மா குவைத்துக்குப் போனார். ராத்தாவுக்கு வீடு கட்டுவதற்காக. நம் கிழக்கு மாகாணத்து வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், பெண்ணுக்கென்று ஒரு வீடு இருக்க வேண்டும். இரண்டு பெண் பிள்ளைகள் என்றால் இரண்டு வீடு. நான்கு வருடம் நான் உம்மம்மாவின் பக்கத்தில் படுத்துத் தூங்கினேன். உம்மாவின் முகத்தைவிட அவரது தொலைபேசிக் குரலே எனக்குப் பழக்கமாயிருந்தது. அவர் திரும்பி வந்த அன்று நான் உம்மம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதை உம்மா இன்றுவரை சொல்லிக் காட்டியதில்லை. வீடு எழும்பியது, ராத்தாவின் திருமணமும் நடந்தது. நாங்கள் அதே வளவின் பின்பக்கத்தில் தகரம் போட்ட இரண்டு அறைகளுக்கு மாறினோம்.

இப்போது நானாவின் திருமணத்துக்கு வருகிறேன். மதினியின் வாப்பா கடற்றொழிலாளி. 2022 இல் நாடு கடனில் விழுந்து மண்ணெண்ணெய் இல்லாமல் போனபோது, குச்சவெளியிலிருந்து புல்மோட்டை வரை தோணிகள் கரையில் கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த வருடம் அவரது சேமிப்பெல்லாம் சோற்றுக்கே போனது. சீமெந்து விலையும் தகர விலையும் ஏறின. அவர் கட்டிக்கொண்டிருந்த வீடு சுவர் மட்டத்தில் கூரையில்லாமல் நின்றது.

பேச்சுவார்த்தைக்குப் போயிருந்தபோது உம்மா சொன்ன வசனம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “நாங்க ஒண்டும் கேக்கல்ல. எங்களுக்குப் புள்ளதான் முக்கியம்.” அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பிச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, “வீடு எப்ப முடியும்?” என்று மட்டும் விசாரித்தார். கூரை போட்ட பிறகு நிக்காஹ் என்று நாள் குறிக்கப்பட்டது. அதற்கு முன் வந்த சம்பந்தத்தில் மோட்டார் சைக்கிள் தருவதாகச் சொன்னார்கள் என்ற செய்தியைத் தரகர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். உம்மா அதை மறுக்கவுமில்லை, ஆமோதிக்கவுமில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்தோம். இரண்டு கிழமையில் மோட்டார் சைக்கிளுக்கு முற்பணம் கட்டியாயிற்று என்று செய்தி வந்தது.

யாராவது கேட்டார்களா? இல்லை. ஆனால் எல்லாம் வந்து சேர்ந்தது. கேட்பதற்கு ஒரு மொழியும் கேட்காமல் வாங்குவதற்கு இன்னொரு மொழியும் நம்மிடம் இருக்கின்றன. “தந்தாங்க”, “விரும்பிக் குடுத்தாங்க”, “அவங்கட மகளுக்குத்தானே குடுக்கிறாங்க” என்பதெல்லாம் இந்த இரண்டாம் மொழி. சீதனம் என்ற சொல் எங்கள் வீட்டில் ஒருநாளும் உச்சரிக்கப்படவில்லை. அன்பளிப்பு என்றே சொன்னோம். பெயரை மாற்றிவிட்டதால் பொருளும் மாறிவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

என் பங்கையும் சொல்ல வேண்டும். அந்த மோட்டார் சைக்கிளில் நானாவின் பின்னால் உட்கார்ந்து நிலாவெளிக்கு ரியூஷனுக்குப் போன முதல் நாள் எனக்கு எவ்வளவு சந்தோஷமாயிருந்தது தெரியுமா! இறக்கக்கண்டிப் பாலத்தைத் தாண்டும்போது கடற்காற்று முகத்தில் அடித்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த தோழிகளுக்குக் கை காட்டினேன். சுவரில் தொங்கிய சான்றிதழ் அப்போது என் நினைவில் இல்லை. அந்தக் கட்டுரையைச் சில மாதங்களுக்குப் பின் எடுத்து வாசித்தேன். “சமூகம்” என்ற சொல் அதில் பதினொரு இடங்களில் இருந்தது. “நாங்கள்” என்பது ஓர் இடத்திலும் இல்லை.

எப்போது விழித்தேன் என்றும் சொல்கிறேன். திருமணம் முடிந்து சில மாதங்களின் பின் ஒருநாள் மதினி வீட்டுக்குப் போயிருந்தேன். முன்னால் கல்வீடு. மதினியின் உம்மாவும் வாப்பாவும் தங்கை பிள்ளையும் பின்னால் ஓலைக் குசினியோடு ஒட்டிய ஒரு சின்ன அறையில் இருந்தார்கள். எங்கள் வளவில் நாங்கள் இருந்த அதே இடம், அதே மாதிரி. தங்கை என் வயதுக்காரி. சாதாரண தரம் சித்தியடைந்திருந்தும் உயர்தரத்துக்குப் போகவில்லை, தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். கூரைக்கு வாங்கிய கடன் இன்னும் இருக்கிறது என்றாள், முறைப்பாடாக அல்ல, செய்தியாக. மதினியின் உம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு என் தலையைத் தடவினார். “மகள், நீங்கதானே சீதனத்தப் பத்தி எழுதிப் பரிசு எடுத்த? மருமகன் சொன்னாரு. மாஷா அல்லாஹ்” என்றார். அவர் குத்திக் காட்டவில்லை. மனதாரப் பெருமைப்பட்டார். அதனால்தான் அந்தத் தேநீர் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

இமாம் கஸ்ஸாலி பற்றி இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். 1058 இல் தூஸ் நகரில் பிறந்து 1111 இல் மறைந்தவர். அவரது இஹ்யா உலூமித்தீன் நாற்பது நூல்களைக் கொண்ட பெரும் படைப்பு. அதில் முப்பதாவது நூல் முழுவதும் ‘குரூர்’ பற்றியது. மனிதன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் இந்த நோய்தான் குரூர். அங்கே அவர் கொள்ளைக்காரரையோ குடிகாரரையோ முதன்மையாக எடுத்துக்கொள்ளவில்லை. அறிஞர்கள், வணக்கசாலிகள், சூஃபிகள், செல்வந்தர்கள் என்று நான்கு கூட்டத்தாரைப் பிரித்து ஆராய்கிறார். அதாவது ஊர் மதிக்கும் நல்லவர்களை. பள்ளிவாசல் கட்டி அதில் தன் பெயரைப் பதிப்பவரையும், அயலவர் பசித்திருக்கத் திரும்பத் திரும்ப ஹஜ்ஜுக்குச் செலவழிப்பவரையும் அவர் அங்கே காட்டுகிறார். அறிஞரைப் பற்றிச் சொல்லும்போது ஓர் உவமை வருகிறது. நோயாளி ஒருவன் தன் நோய்க்கான மருந்தைக் கற்றறிந்து, அதை அழகாக எழுதி வைத்து, மற்றவர்களுக்கும் படித்துக் கொடுக்கிறான். ஆனால் அந்த மருந்தை அவன் மட்டும் குடிப்பதில்லை. இதை வாசித்தபோது சுவரில் இருந்த என் சான்றிதழை நிமிர்ந்து பார்த்தேன்.

கஸ்ஸாலி இதை மற்றவர்களைப் பார்த்து மட்டும் எழுதவில்லை. பக்தாதின் நிஸாமிய்யாக் கலாபீடத்தில் 1091 இல் பேராசிரியரானவர் அவர். புகழின் உச்சியில் இருந்தபோது தன் கற்பித்தலின் நோக்கம் என்ன என்று தன்னையே கேட்டார். புகழாசை என்ற விடை வந்தது. அந்தப் போராட்டத்தில் அவரது நாவே கட்டுண்டு, பாடம் நடத்த முடியாமற் போனதாக அவரே எழுதியிருக்கிறார். 1095 இல் பதவியை விட்டுப் போனார். உண்மை தெரிந்த பிறகு பழைய இடத்தில் பழையபடி உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சீதனத்துக்குச் சார்பாகச் சொல்லப்படுவதில் உண்மை இல்லாமலில்லை. பெண்ணின் பெயரில் வீடு இருப்பது நல்லது. கணவனை இழந்தாலும், அவன் விட்டுப் போனாலும், தலைக்கு மேல் கூரை அவளுடையது. யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கண்ட நம் கரையோரத்தில் அதன் பெறுமதியை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெற்றோர் மகளுக்குக் கொடுப்பதை யார் தடுப்பது? ஆனால் சுய ஏமாற்று முழுப் பொய்யில் நிற்பதில்லை. பாதி உண்மையில்தான் அது உறுதியாக நிற்கும். மகளுக்கு வீடு கொடுப்பது வேறு, வீடு முடிந்தால்தான் நிக்காஹ் என்பது வேறு. முதலாவது அன்பு. இரண்டாவதை விலை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

மார்க்கம் இதில் தெளிவாக இருக்கிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 4 ஆவது வசனம் கணவன் மனைவிக்கு மஹர் கொடுக்கும்படி கட்டளையிடுகிறது. அவள் தானாக மனமுவந்து அதில் எதையாவது விட்டுக்கொடுத்தால் மட்டுமே அவன் அனுபவிக்கலாம் என்றும் சொல்கிறது. மனமுவத்தல் என்பது எவ்வளவு பெரிய நிபந்தனை! மகள் கரையேற மாட்டாளோ என்ற பயத்தில் ஒரு தகப்பன் கடன்பட்டுத் தருவதை மனமுவந்து தந்தது என்று நாம் கணக்கு எழுதலாமா?

நாட்டின் சட்டமும் இதை அறிந்தேயிருக்கிறது. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் ‘கைக்கூலி’ என்ற நம் ஊர்ச் சொல்லே வருகிறது. மணமகளின் உபயோகத்துக்கென மணமகனிடம் கொடுக்கப்படும் பணம் அல்லது அசையும் பொருள் என்று அதற்கு விளக்கம் தரப்பட்டிருக்கிறது. மனைவி அதைக் காதி நீதிமன்றத்தில் திரும்பக் கோரலாம். அதாவது ஏட்டில் அது பெண்ணுடையது. ஆனால் எங்கள் வீட்டிலும் மோட்டார் சைக்கிளின் பதிவுப் புத்தகத்தில் நானாவின் பெயர்தான் இருக்கிறது. “அவங்கட மகளுக்குத்தானே” என்று சொன்ன எங்களில் ஒருவருக்கும் அதில் மதினியின் பெயரைப் போடத் தோன்றவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து உம்மாவிடம் கேட்டேன். கோபம் வந்துவிட்டது. “நாங்க கேட்டமா? சொல்லு, நாங்க வாய் தொறந்து கேட்டமா?” நான் பதில் சொல்லவில்லை. இரவு விளக்கை அணைத்த பிறகு இருட்டிலிருந்து உம்மாவின் குரல் வந்தது. “ராத்தாட மாப்புள வீட்டாரும் கேக்கல்லதான்.” கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று சொன்னார். “நான் குவைத்துக்குப் போனதும் ஆரும் கேட்டுப் போகல்ல.” அதற்குமேல் நாங்கள் பேசவில்லை. பட்டு அறிந்தவர் பிறரைப் படவிடமாட்டார் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. நான் பட்டேன், ஆகவே இதுதான் உலக வழக்கம் என்று மனம் முடிவெடுத்துவிடுகிறது. தன் நான்கு வருடமும் தேவையில்லாமல் போனது என்று ஒப்புக்கொள்வதைவிட, அது எல்லோரும் செய்வதுதான் என்று நம்புவது எவ்வளவோ சுலபம்.

மோட்டார் சைக்கிள் திரும்பிப் போகவில்லை. அதை நாடகம்போல் முடித்துவைக்க என்னால் முடியாது. நானா அந்தக் கூரைக் கடனில் மாதாமாதம் ஒரு பங்கைக் கட்டுகிறார். மதினியின் தங்கை அடுத்த வருடம் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுத விண்ணப்பிக்கப் போகிறாள். இவ்வளவுதான் நடந்திருக்கிறது.

பெற்றோரே, உங்கள் மகன்களுக்குப் பெண் பேசப் போகும்போது மூன்று கேள்விகளை உங்களுக்குள்ளேயே கேட்டுப் பாருங்கள். அந்த வீடு இல்லாவிட்டாலும் இந்த நிக்காஹ் இதே நாளில் நடக்குமா? அவர்கள் “முடியாது” என்று சொன்னால் நம் முகம் மாறாமல் இருக்குமா? இதே பொருளை நம் மகளுக்காக நாம் கொடுக்கும்போது அதை அன்பளிப்பு என்றா சொல்வோம், கடன் என்றா? மனிதன் எத்தனை சாட்டுகளை முன்வைத்தாலும் தனக்கெதிராகத் தானே சாட்சி என்று அல்கியாமா அத்தியாயம் சொல்கிறது. அந்தச் சாட்சியை இங்கேயே பேசவிடுவது நல்லது.

தோழியரே, நமக்கும் ஒன்று. மேடையில் சமூகத்தைச் சாடுவது சுலபம். அடுத்த முறை கட்டுரை எழுதும்போது “சமூகம்” என்று வரும் இடத்தில் “எங்கள் வீடு” என்று போட்டு வாசித்துப் பாருங்கள். வசனம் நின்றால் எழுதுங்கள்.

இந்தக் கட்டுரையை ஆசிரியரிடம் கொடுப்பதற்கு முன் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “மதினிட ஊரப் போடாத” என்றார். போடவில்லை. பிறகு, “உன்ட வீட்டுக்குண்டு கட்டுற சீட்டு முடிய இன்னும் எட்டு மாசம் இருக்கு. அந்தக் காசு வீட்டுக்கா படிப்புக்கா எண்டு நீதான் சொல்லணும்” என்றார். படிப்புக்குத்தான் என்று உடனே சொல்லியிருப்பேன் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் வாய் வரவில்லை. எனக்கும் ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை உள்ளே இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த ஆசை இல்லாததுபோல் மட்டும் இனி எழுதமாட்டேன்.